வெறும் ஜூஸ் குடிச்சா நச்சு போயிருமா?

ஏழு நாள் சோறே தொடாம ஜூஸ் மட்டும் குடிச்சா உடம்புல உள்ள நச்செல்லாம் கழுவிட்டுப் போயிரும்னு எழுதியிருக்கீங்க, அந்த வேலைய ஈரலும் கிட்னியும் தினமும் சம்பளம் இல்லாம பாத்துட்டுத்தானே இருக்கு. நான் களியக்காவிளை பக்கம். போன வருசம் எங்க மைனி இதுல இறங்குனாங்க, ஆப்பிள் பீட்ரூட் கேரட்னு காலைல ஆறு மணிக்கே மிக்ஸி அலறும், வடிகட்டின சக்கை பூரா கோழிக்கு. அதாவது நார்ச்சத்து கோழிக்கு, சர்க்கரைத் தண்ணி மைனிக்கு! நாலு நாள்ல ரெண்டு கிலோ குறைஞ்சது நெசம்தான், ஆனா அதுல பெரும்பாலும் தண்ணிதான், கஞ்சியும் பயறும் தின்ன ஆரம்பிச்ச ஒரே வாரத்துல திரும்ப வந்துட்டு. சுகர் மாத்திரை போடுறவங்க டாக்டர்ட்ட கேக்காம இத தொடவே கூடாது.

இன்னொண்ணு, மீன் கறிக்குப் போடுற பிலிம்பிங்கிற புளிப்புக் காய் இருக்கே, மலையாளத்துல இரும்பன்புளி, கொழுப்பு கரையும்னு அத அடிச்சு ஜூஸா குடிச்சு கேரளாவுல 10 பேருக்கு கிட்னி பழுதானத டாக்டர்மார் 2013ல எழுதியிருக்காங்க, 7 பேருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போச்சு. எல்லாம் அதுல உள்ள ஆக்சலேட்ங்கிற, கிட்னில துகளா படியுற உப்பு பண்ற வேலை. பசலைக்கீரை, பீட்ரூட்லயும் அது உண்டு. கறியில ரெண்டு காய் கெடந்தா ஒண்ணும் ஆகாது, டம்ளர் டம்ளரா வெறும் வயித்துல ஊத்துனாத்தான் வினை.

காய்கறின்னாலே மூஞ்ச சுளிக்கிற ஆளு சாப்பாட்டோட ஒரு டம்ளர் குடிச்சா கொஞ்சம் வைட்டமினாவது போய்ச் சேரும், அது வரைக்கும் சரி. மைனி இப்போ பழத்த கடிச்சுத்தான் திங்காங்க, கோழிக்குத்தான் கோவம்.