பத்திரத்தின் கடைசி வரி

பாகப்பிரிவினைக்காகப் போன மாதம் தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். பாலக்கோடு பக்கம் எங்களுக்கு இருக்கும் மேட்டு நிலத்தின் 1958ஆம் வருடக் கிரயப் பத்திரம் உள்ளே இருந்தது. செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், முடிந்த இடத்தில், "கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும், ஆள், வண்டி, கால்நடை போய்வரும் மாமூல் வழிநடை பாத்தியமும்" என்று ஒரு வரி. பக்கத்துக் காட்டுக்காரர் கம்பிவேலி போட்டு ஆறு மாதமாக எங்களுக்கு வழி இல்லை. அந்த வரியைப் படித்துக் காட்டியதும் அவரே வேலியைப் பிரித்துவிட்டார்.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். தன்னைக் காப்பாற்றும் வரி அதில் இருக்கிறது என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, எழுதியவரை நம்பினார். விற்றவர், சாட்சிகள் என எல்லோரையும் அப்பாவுக்குத் தெரிகிறது. கடைசியில் பொடி எழுத்தில் "எழுதியது" என்று பெயர் போட்டிருப்பவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது மனசை உறுத்துகிறது.

அதியமான் ஆண்ட மண் என்று தர்மபுரிக்காரர்கள் நாம் பெருமையாகச் சொல்கிறோம். அசோகரின் 2ஆம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரரையும் சொல்கிறது. அது அதியமான் குலம்தான் என்பதை 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு உறுதிசெய்தது. "ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி", அதாவது அஞ்சி கொடுத்த தங்குமிடம், என்று பொறித்த கை யாருடையது? தெரியாது. கொடுத்தவன் பெயர் நின்றது, வெட்டியவன் பெயர் நிற்கவில்லை. நம் ஊர் அருங்காட்சியகத்து நடுகற்களிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஆனால் ஒருவர் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. கர்நாடகத்துச் சித்திரதுர்கா மாவட்டத்தில் பிரம்மகிரி என்ற ஊரில் அசோகரின் கல்வெட்டு இருக்கிறது. எல்லாம் பிராமி எழுத்து. முடிவில் எழுதியவர் தன் பெயர் சபட என்று சொல்லி, 'எழுத்தர்' என்னும் சொல்லை மட்டும் வடமேற்கு எல்லையில் வழங்கிய கரோஷ்டியில், வலமிருந்து இடமாகப் பொறித்திருக்கிறார். எனக்கு இந்த எழுத்து தெரியும், இதுதான் என் தொழில் என்று அவர் நமக்குச் சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அதே அசோகர் 14ஆம் கல்வெட்டில், எங்காவது குறையாக இருந்தால் அது எழுத்தரின் பிழையாகவும் இருக்கலாம் என்கிறார். நல்லதெல்லாம் அரசனுக்கு, பிழை மட்டும் எழுதியவனுக்கு!

தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். அங்கே நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. பனையோலையைப் பூச்சி அரிக்கும், ஓரம் உடையும். யாராவது உட்கார்ந்து புது ஏட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டே இருந்தால்தான் நூல் உயிரோடு இருக்கும். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளிகூட வைக்காமல் எழுதியவர்கள் அவர்கள். இந்த நூலை எடுத்து எழுத ஏதோ ஒரு தலைமுறையில் ஆள் இல்லாமல் போயிற்று. புறத்திரட்டு என்ற தொகுப்பிலும் சில உரைகளிலும் யாரோ எடுத்துவைத்த பாடல்கள்தான் மிச்சம். நம் ஊர்ச் சண்டையைப் பற்றிய நூலே நம்மிடம் முழுதாக இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

எழுதியவர்கள் எல்லோரும் புண்ணியவான்கள் என்று சொல்ல வரவில்லை. ஊரின் நிலக் கணக்கு எழுதிய கர்ணத்தைக் கண்டு சனம் நடுங்கிய காலம் உண்டு. யார் பெயரில் நிலம் என்பது அவர் பேனாவில் இருந்தது. எழுத்து சில வீடுகளுக்குள்ளேயே சுற்றியதால்தான் என் தாத்தா மாதிரி ஆட்கள் கைநாட்டாக நின்றார்கள். 1980இல் பரம்பரைக் கர்ணம் வேலையை அரசு ஒழித்தது சரிதான். ஆனால் அதனாலேயே, நேர்மையாக ஒரு வரி எழுதிவைத்தவரை மறப்பது நியாயமில்லை. உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தைத் திருப்பி அந்தக் கடைசிப் பெயரைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

அப்புறம், போன வாரம் எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் கணினியில் அடித்து வந்தது. அதில் வழிநடை வரியே இல்லை, வேறு யாருடைய பத்திரத்திலிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். 1958ஐப் பக்கத்தில் வைத்து, அந்த வரியை எழுத்து மாறாமல் சேர்க்கச் சொன்னேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக் கேட்ட பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்.