சிட்னியில் வாடகை ஏறினால் ஆர்மிடேலில் வகுப்பறை காலியாவது ஏன்?

வெளிநாட்டு மாணவர்களைக் குறைக்கப் போகிறோம் என்று ஓர் அரசு அறிவிக்கும்போது சொல்லும் காரணம் பெரும்பாலும் பெருநகரத்து வீட்டு வாடகைதான். சிட்னி, மெல்பர்ன், டொரன்டோ. ஆனால் விதி நாடு முழுக்க ஒன்றுதான். இடம் போதாத ஊருக்காக இறுக்கிய கயிறு, ஆள் போதாத ஊரின் கழுத்திலும் விழுகிறது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பெயரைப் பார்த்தே மாணவர்கள் வருவார்கள், தாங்கிக்கொள்ளும். ஆர்மிடேல், டவுன்ஸ்வில், டார்வின் போன்ற, பெருநகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் ஆஸ்திரேலிய ஊர்களுக்குப் போகிறவர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள்: படித்து முடித்தபின் எத்தனை வருடம் இருக்கலாம், பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) வழி உண்டா, செலவு எவ்வளவு. இதை வாய்விட்டுச் சொல்லப் பல்கலைக்கழகங்கள் கூச்சப்படுகின்றன. ஏஜெண்டுகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் 107-ஆம் எண் அமைச்சர் உத்தரவு வந்தது. கல்வி நிறுவனங்களை 1, 2, 3 என மூன்று 'எவிடென்ஸ் லெவல்' (நம்பகத் தரவரிசை; 1 உயர்ந்தது, 3 தாழ்ந்தது) ஆகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் மாணவர்களில் எத்தனை பேருக்கு விசா மறுக்கப்பட்டது, எத்தனை பேர் விசா ரத்தானது, எத்தனை பேர் காலக்கெடு தாண்டித் தங்கினார்கள், எத்தனை பேர் அடைக்கலம் கேட்டார்கள் என்ற விகிதங்களை வைத்துத்தான் லெவல் முடிவாகும். அந்த உத்தரவு முதல் லெவல்காரர்களின் கோப்பை முதலில் எடு என்றது. மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் சிறிய நிறுவனம் அடிபடுவது எளிய கணக்கு. 2,000 பேர் விண்ணப்பிக்கும் இடத்தில் 20 மறுப்பு என்பது ஒரு சதவீதம். 100 பேர் விண்ணப்பிக்கும் இடத்தில் அதே 20 மறுப்பு 20 சதவீதம். மறுப்பு கூடினால் லெவல் இறங்கும். லெவல் இறங்கினால் வங்கி இருப்பு, ஆங்கிலத் தேர்வு ஆவணங்கள் கூடுதலாகக் கேட்பார்கள், கோப்பும் தாமதமாகும். தாமதமானால் பணவசதியுள்ள, நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் மாணவர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். மிஞ்சுகிற விண்ணப்பங்களில் மறுப்பு இன்னும் கூடும். விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ள 2024-இல் சில நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த சேர்க்கை ஆஃபரையே திரும்பப் பெற்றன. யார் மேல் தப்பு? விதியை எழுதியவர்களுக்கு இந்தச் சுழல் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஓராண்டு கழித்து, 2024 டிசம்பரில், 111-ஆம் உத்தரவு வந்து இதை மாற்றியது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிய மாணவர் எண்ணிக்கையில் ஓர் ஒதுக்கீடு. அதில் 80 சதவீதம் நிரம்பும்வரை முன்னுரிமை, பிறகு சாதாரண வேகம் என்று 2025 நவம்பர் வரை இருந்தது. சிறிய ஊர்களுக்கு இது நிச்சயமாக நல்லதாக இருந்தது. ஆனால் இடையில் போன இரண்டு இன்டேக் (சேர்க்கைப் பருவம்) திரும்பாது. அதோடு விசாக் கட்டணம் 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600, 2025 ஜூலையில் 2,000 டாலர் ஆனது. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. 2,000 டாலரைப் பணயம் வைக்கும் குடும்பம் 'கிடைத்தாலும் கிடைக்கும்' என்ற ஊரையா தேர்வு செய்யும்?

இழுக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது? இரண்டாவது 485 விசா (படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்யத் தருவது 485). டார்வினில் முதுகலை முடித்தால் முதல் 485 பொதுவாக இரண்டு வருடம், அங்கேயே தங்கியிருந்தால் மேலும் இரண்டு. பெர்த், அடிலெய்டு, ஹோபார்ட் என்றால் மேலும் ஒன்று. பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்ணப்பிக்கும் முன்பான இரண்டு வருடமும் அந்தப் பகுதியில் வசித்திருக்க வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு சிட்னிக்கு வேலைக்குப் போய், விசா முடியும் நேரத்தில் திரும்பி வந்தால் செல்லாது. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் எல்லாம் அந்த ஊர் முகவரியில் இருக்க வேண்டும். டிப்ளமா படித்துத் தொழிற்கல்விப் பிரிவில் 485 வாங்கியவர்களுக்கு இந்த இரண்டாவது விசாவே கிடையாது. இதை ஆஃபர் லெட்டரில் யாரும் எழுதுவதில்லை.

இந்தச் சலுகையிலும் ஓர் ஓட்டை. 2019 நவம்பரில் பெர்த்தையும் கோல்ட் கோஸ்டையும் 'ரீஜனல்' (பெருநகரம் அல்லாத பகுதி) பட்டியலில் சேர்த்தார்கள். அதன்பின் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றைத் தவிர நாடே ரீஜனல்தான். விமான நிலையமும் வேலையும் உள்ள பெர்த்தில் இருந்துகொண்டே சலுகை கிடைக்கும்போது தொலைவிலுள்ள சிற்றூருக்கு யார் போவார்? டார்வினுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு வருடம்.

இன்னொரு சிக்கல் நாட்காட்டி. புள்ளிக் கணக்கில் தரப்படும் ரீஜனல் விசாவான 491-க்கு, மாநில நாமினேஷன் (பரிந்துரை) கிடைத்தால் 15 புள்ளி. ஆனால் அதன் எண்ணிக்கையும் தொழில் பட்டியலும் ஜூலையில் தொடங்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாணவரோ இரண்டு வருடம் முன்பே படிப்பைத் தேர்ந்துவிட்டார். சேரும்போது இருந்த நிபந்தனை முடிக்கும்போதும் செல்லும் என்று ஒரு மாநிலம் எழுதிக் கொடுத்தால், விளம்பரத்தில் கொட்டும் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

கனடாவிலும் இதே கதை, வேகம்தான் அதிகம். 2024 ஜனவரி 22 அன்று வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவிப்பு. அன்றிலிருந்து பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு மாகாணச் சான்றுக் கடிதம் கட்டாயம். அந்தக் கடிதத்தைக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய மாகாணங்களுக்கு மார்ச் 31 வரை அவகாசம். இடையில் செப்டம்பர் சேர்க்கைக்கான முக்கிய வாரங்கள் போயின. நெரிசல் ஒன்டாரியோவில், ஆள் தேடி அலையும் அட்லாண்டிக் மாகாணங்களும் அதே வரிசையில் நின்றன.

ஸ்காட்லாந்து ஒருமுறை தனி வழி கண்டது. 2005-இல் 'ஃப்ரெஷ் டேலண்ட்' திட்டம்: அங்கே படித்தவர்கள் இரண்டு வருடம் தங்கி வேலை செய்யலாம். 2008-இல் அதை பிரிட்டன் முழுமைக்குமான விசாவில் கரைத்தார்கள். எல்லோருக்கும் கிடைத்த அன்றே ஸ்காட்லாந்தின் ஈர்ப்பு போனது. 2012 ஏப்ரலில் அதையும் மூடினார்கள். 2021 ஜூலையில் 'கிராஜுவேட் ரூட்' என்று திறந்தார்கள். இப்போது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதன் இரண்டு வருடம் 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்று வருடம் தொடரும். 2025 செப்டம்பரில் ஒரு வருட முதுகலை சேர்ந்தவர் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், ஆனால் படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். தேர்வுக் குழு கூடும் தேதி டிசம்பர் கடைசியைத் தாண்டினால் ஆறு மாதம் போச்சு. 2026 ஜனவரியில் சேர்ந்தவருக்கு அந்த வாய்ப்பும் அநேகமாக இல்லை.