ஃப்ளை கட்டும் முன் ஒரு சூடையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பாம்பன், மண்டபம், தனுஷ்கோடி பக்கம் ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் முடியும் இறகும் கட்டிச் செய்கிற பொய் இரை, போடும் தம்பிகள் இப்போது கொஞ்சம் பேர் வந்துவிட்டார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் டப்பாவைத் திறந்து காட்டும்போது மட்டும் மனசுக்குள் ஒரு ஆதங்கம். உள்ளே இருப்பதெல்லாம் ஒரு சாண் நீளம், கொத்துக் கொத்தாக முடி, பச்சை, சிவப்பு, ஆரஞ்சு. சீஷெல்ஸ் பக்கம் பெரிய பெரிய பாரை மீனுக்கு எறிகிற ஃப்ளை அது. நம் கரையோரத்தில் பாரையும் தோல்பாரையும் துரத்துவது எதை? விரல் நீளச் சூடை, நெத்திலி, முரல் குஞ்சு. அதைப் போலத்தான் கட்ட வேண்டும். முடியைக் குறையுங்கள், குறைத்த பிறகு இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரு சூடையைக் கேட்டு வாங்கி வெயிலில் பிடித்துப் பாருங்கள். முதுகு நீலம் கலந்த பச்சை, பக்கமெல்லாம் வெள்ளி, செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் மெல்லிசாக ஒரு தங்கக் கோடு. செத்துக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு மங்கிவிடும், அதனால் வலையிலிருந்து எடுத்த உடனே பார்க்க வேண்டும். நெத்திலி வேறு மாதிரி. உடம்பில் பாதி வெளிச்சம் ஊடுருவிப் போகும், பக்கவாட்டில் ஒரு வெள்ளிப் பட்டை, அப்புறம் கண். கீழே இருந்து பார்க்கிற பாரைக்குப் பளிச்சென்று தெரிவது அந்தப் பட்டையும் கண்ணும்தான். அடர்த்தியாக முடி கட்டினால் வெளிச்சம் உள்ளே போகாது, தண்ணீரில் கறுப்பாக ஒரு கட்டை மாதிரிதான் தெரியும். போதாததற்கு அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நம் ஊர் காற்றில் எறியவும் முடியாது, எறிந்தாலும் சீக்கிரம் இறங்காது.

நான் கட்டுவது 1 அல்லது 1/0 அளவு தூண்டில் முள்ளில், துருப்பிடிக்காத எஃகு. வெள்ளைச் செயற்கை இழை தீக்குச்சி கனத்துக்குக் கொஞ்சம், நடுவில் நாலைந்து இழை ஜிகினா, முதுகுக்கு ஆலிவ் பச்சை அதைவிடக் கொஞ்சமாக. சூடைக்குத் தங்க ஜிகினா இழையைப் பக்கத்துக்கு ஒன்றாக விடுங்கள், போதும். தலையில் ஒட்டுக்கண் வைத்து மேலே எபாக்சிப் பசை. எபாக்சியைத் தலையோடு நிறுத்தாமல் முள்ளின் தண்டு முழுக்கத் தடவிவிட்டால் இழை முள் வளைவில் போய்ச் சுற்றிக்கொள்ளாது, ஊளி மீனின் கூர்ப் பல்லுக்கும் கொஞ்சம் தாங்கும். கட்டி முடித்ததும் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது அழகாகத் தெரிகிற ஃப்ளையை நம்பவே கூடாது, மீன் பார்க்கப் போவது நனைந்த ஃப்ளையை.

உலகம் முழுக்கக் கட்டுகிற இரண்டு ஃப்ளைகளும் இதே வழிதான். அமெரிக்கத் தூண்டில்காரர் லெஃப்டி க்ரேயின் டிசீவர் என்ற ஃப்ளை 1950களின் கடைசியில் வந்தது, 1991ல் அமெரிக்கத் தபால்தலையிலேயே இடம் பிடித்தது. இறகுகளை முள் தண்டின் பின்கோடியில் கட்டி, முன்னால் முடியைச் சுற்றிவிடுவதால்தான் அது சிக்காமல் நீந்துகிறது. இன்னொரு அமெரிக்கர் பாப் கிளவுசர் 1987ல் கட்டிய மினோ என்ற ஃப்ளைக்குத் தலையில் கனமான இரட்டைக் குண்டுக் கண், அதனால் முள் முனை மேல்நோக்கி நிற்கும், இழுத்து விடும்போது தலை குப்புற இறங்கும். அவர் அதைக் கட்டியது ஆற்று மீனுக்கு, ஆனால் கடலிலும் அதை மிஞ்ச ஆளில்லை. அதிலும் முடி கொஞ்சம்தான்.

சாமானுக்காக யாரும் வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சேவலின் நீள இறகு, கிடாயின் தாடி முடி, அலங்காரக் கடை ஜிகினா, சாவிக்கொத்தின் குண்டுச் சங்கிலியில் வெட்டிய இரண்டு குண்டு, எல்லாம் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். நம்மூர் மான் முடி யார் கொடுத்தாலும் தொடாதீர்கள், 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

எறிகிற விஷயத்துக்கு வருவோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஃப்ளை கோலோடு போய் நிற்பதில் பிரயோஜனமே இல்லை, அப்போது வடகடல் (பாக் நீரிணை) கரை அமைதியாக இருக்கும். வாடைக் காற்று வந்துவிட்டால் இது அப்படியே மாறும். ராமேஸ்வரம் தீவில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதி வேறு எங்கே கிடைக்கும்! 8 அல்லது 9 எண் (வலுவைக் குறிக்கும் எண்) தூண்டில் கோல், வெப்பப் பிரதேசத்துக்கென்று செய்த லைன். குளிர்ப் பிரதேச லைன் நம் வெயிலில் இளகிக் கோலின் வளையங்களில் ஒட்டும். முனையில் 20 பவுண்டு தங்கூஸ், ஃப்ளையை இறுக்கிக் கட்டாமல் வளைய முடிச்சில் விடுங்கள், தலை தாராளமாக ஆடும். ஊளி சுற்றுகிற இடமென்றால் முன்னால் ஒரு துண்டுக் கம்பி கட்டாயம்.

பொடி மீன் சிதறித் துள்ளுகிற இடத்தின் நட்டநடுவில் எறியாதீர்கள், ஆயிரம் நிஜச் சூடைக்கு நடுவே உங்களுடையதை யார் கண்டுபிடிப்பது? ஓரத்தில் போட்டு, கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வேகமாக இழுங்கள். பாரை பின்னாலேயே வந்தால் நிறுத்தாதீர்கள், இன்னும் வேகமாக இழுங்கள், பாரைக்குப் பயந்து ஓடுகிற சூடை நின்று திரும்பிப் பார்க்காது. கடித்ததும் கோலைத் தூக்கக் கூடாது. தூக்கினால் ஃப்ளை வாயை விட்டு வெளியே வந்துவிடும். கோல் முனை தண்ணீரைப் பார்த்தபடியே இருக்க, லைனைக் கையால் ஒரே இழுப்பு. முள் ஏறிய பிறகு தூக்கலாம்.

கால் வைத்து இறங்குகிறவர்கள் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா, படகுக்காரர் கூட்டிப்போகிறேன் என்று கூப்பிட்டாலும் அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். பவளப்பாறை மேல் ஏறி நிற்பதும் வேண்டாம், அந்தப் பாறை இருப்பதால்தான் நமக்கு இந்த மீனே. பிடித்ததில் சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் சீக்கிரம் கழற்றிவிடலாம்.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் பக்கம் கட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் ஒரு படம் போடுங்கள். உங்கள் கரையில் இப்போது ஓடுகிற பொடி மீன் ஒன்று, பக்கத்திலேயே நீங்கள் கட்டிய ஃப்ளை, நனைத்தது.