அரை செண்டு கூடுதலாக இருப்பது குற்றமா?

கேரளத்தில் வீடு கட்டும் பெர்மிட்டுக்கு முறையாக மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனைவிட, ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் எழுப்பியவனுக்குத்தான் சட்டம் அதிகம் இரங்குகிறது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு மூன்றரை செண்டு. அப்பா வாங்கிப் போட்டது. அதில் இரண்டு ரூம், ஒரு ஹால், சமையலறை. கக்கூஸ் வெளியே. அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரியில் முற்றம் தாண்டிப் போக முடியவில்லை. பின்பக்கம் பாத்ரூமோடு ஒரு ரூம் எடுக்கலாமென்று பிளான் போட்டோம். பின்னால் காலியாக விடவேண்டிய இடத்தில் இரண்டடி இடிக்கிறது. மேலே கட்டலாமே என்பார்கள். மாடிப்படி ஏற முடிந்தால் அம்மா முற்றத்தையே தாண்டிவிடுவாரே! தவிர, அந்தக் காலத்து அஸ்திவாரம் மாடியைத் தாங்காது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார்.

2019ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து கட்டிட விதிகளில் சிறிய மனைகளுக்கென்று தனிச் சலுகை உண்டு. சுற்றிலும் விடவேண்டிய இடம் குறைவு. ஆனால் மனை 125 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மூன்று செண்டு என்றால் சுமார் 121 சதுர மீட்டர், உள்ளே வந்துவிடும். மூன்றரை செண்டு சுமார் 142, வெளியே. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மூன்று செண்டு. அவருக்குச் சலுகை உண்டு, எங்களுக்கு இல்லை. அப்பா அந்த அரை செண்டை ஆசைப்பட்டு வாங்காமல் இருந்திருந்தால் அம்மாவுக்கு இந்நேரம் பாத்ரூம் கிடைத்திருக்கும்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காற்று வர வேண்டும், வெளிச்சம் வர வேண்டும், கூரைத் தண்ணீர் அடுத்தவன் சுவரில் விழக் கூடாது, தீப்பிடித்தால் ஆள் நுழைய வழி வேண்டும். எல்லாம் நியாயம். ஆனால் எந்த விதியிலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒட்டி நிற்பவன் ஒருவன் இருப்பான். அவன் தன் நிலைமையைச் சொல்ல ஒரு இடம் வேண்டாமா?

நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகனிடம் இதைப் புலம்பியபோது, அங்கே விதியிலிருந்து விலக்குக் கேட்க ‘வேரியன்ஸ்’ என்று ஒரு வழி இருக்கிறது என்றான். ஊருக்கு ஒரு போர்டு. 200 அடிக்குள் இருக்கும் மனைக்காரர்களுக்கெல்லாம், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் விசாரணை. மனை குறுகலாக இருப்பது, கோணலாக இருப்பது போன்ற கஷ்டத்தைக் காட்ட வேண்டும். நாமே வரவழைத்துக்கொண்ட கஷ்டம் என்றால் எடுபடாது. கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். செலவும் உண்டு, வக்கீல் ஃபீஸும் உண்டு. நம் ஊரில் அப்படி நோட்டீஸ் போனால் பழைய வேலித் தகராறெல்லாம் கிளம்பி வரும் என்பதும் எனக்குத் தெரியும். வரட்டும். முகத்துக்கு நேரே சொல்லட்டும், நானும் பதில் சொல்கிறேன்.

இங்கே என்ன இருக்கிறது? பஞ்சாயத்து மறுத்தால் அப்பீலுக்கு உள்ளாட்சி தீர்ப்பாயம், அதுவும் திருவனந்தபுரத்தில். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய் மத்தியானம் திரும்பிவிடும் எங்களுக்கு, தலைநகரம் ஒரு ராத்திரி ரயில் தூரம். 2024இல் அன்றைய உள்ளாட்சி அமைச்சர் எம்.பி. ராஜேஷ் மாவட்டம் மாவட்டமாக அதாலத், அதாவது குறைதீர்ப்புக் கூட்டம், நடத்தினார். நல்ல காரியம்தான், ஆனால் அமைச்சர் வந்தால்தான் நியாயம் என்றால் மற்ற நாட்களில் என்ன செய்வது?

இன்னொரு பக்கம், அதே 2024இல் அனுமதியில்லாத கட்டிடங்களை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2019 நவம்பர் 7க்குள் கட்டி முடித்தவர்கள் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். எல்லாருக்கும் எல்லாமும் செல்லாது, நிபந்தனைகள் உண்டு. ஆனாலும் அவர்களுக்கென்று ஒரு கதவு திறந்தது. எங்கள் மேஸ்திரி இதைச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார். “கட்டிப் போடுங்க சார், யூ.ஏ. நம்பர் போடட்டும், அடுத்த தடவை சர்க்கார் மனசு வைக்கும்போது சரி பண்ணிக்கலாம்” என்கிறார். யூ.ஏ. என்பது அனுமதியில்லாத கட்டிடத்துக்குப் பஞ்சாயத்து போடும் நம்பர். நாற்பது வீடு கட்டியவர் சொல்வதை முட்டாள்தனம் என்று தள்ள முடியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சிறிய மனை என்ற கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் இருப்பவர்களின் மனுவை, பிளாக் அளவிலாவது ஒரு குழு மாதம் ஒருமுறை உட்கார்ந்து கேட்கட்டும். அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு கேட்கட்டும். முடியாது என்றாலும் ஏன் என்று தாளில் எழுதித் தரட்டும். முடிந்தால் தமிழில். மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் மனு கொடுக்கவும் தமிழிலேயே பதில் வாங்கவும் 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. எனக்கு வந்த மறுப்பு மலையாளத்தில், ஒன்றரை வரி.

எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் மூன்று செண்டுக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு யாராவது பெர்மிட் வாங்கியிருந்தால், எந்த விதியைக் காட்டி வாங்கினீர்கள் என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். “கட்டிப் போடு” என்கிற யோசனை ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.