சாமிப் படம், பேய்ப் படம், அவார்டுப் படம்

புதுப் படம் எப்படி என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "கமர்ஷியல் படம்தான், பி, சி சென்டர்களில் ஓடிவிடும்" என்பார்கள். சென்ற வாரம் எனக்கு இப்படிப் பதில் சொன்ன நண்பர் வசிப்பதே அந்த சி சென்டரில்தான். ஏ, பி, சி என்பது ஊர்களைத் தரம் பிரிக்க விநியோகஸ்தர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. டிக்கெட் வாங்கியவருக்கு அந்தக் கணக்கால் என்ன ஆகப்போகிறது? நண்பருக்குப் படம் பிடித்ததா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் படங்களைப் பிரித்த விதமே வேறு. சாமிப் படம், ராஜா ராணிப் படம், சண்டைப் படம், பேய்ப் படம், அழுகைப் படம். உள்ளே போனால் நமக்கு என்ன நேரும் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது. அழுகைப் படம் என்றால் கைக்குட்டையோடு போக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயர்கள் படத்தைக் கட்டிப்போடவும் இல்லை. 1965இல் வந்த 'திருவிளையாடல்' சாமிப் படம்தான். ஆனால் தருமியாக வந்து நாகேஷ் புலம்பும் காட்சிக்கு அரங்கம் சிரித்த சிரிப்பு எந்தச் சிரிப்புப் படத்துக்கும் குறைந்ததல்ல.

விளம்பரக்காரர்கள் வைத்த பெயர்களுக்கும் அன்று பொருள் இருந்தது. 1931இல் 'காளிதாஸ்' வந்த பிறகு சில ஆண்டுகள் தமிழில் பேசியவர்கள் பெரும்பாலும் தேவர்களும் மன்னர்களும்தான். 1935இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை வைத்து 'மேனகா' வந்தபோது அதைச் சமூகப் படம் என்றார்கள். கிரீடம் இல்லாத, நம் காலத்து உடையில் நடமாடுகிற மனிதர்களின் கதை என்று அதற்குப் பொருள். இன்று 'சமூகக் கருத்துள்ள படம்' என்றால், கடைசிப் பதினைந்து நிமிடம் கதாநாயகன் மைக் முன் நின்று நம்மைத் திட்டுவான் என்று பொருள்.

எனக்கு உண்மையான கோபம் 'கமர்ஷியல் படம்', 'அவார்டுப் படம்' என்ற பிரிவினை மீதுதான். முதல் பெயர் இயக்குநருக்குக் கிடைக்கும் மன்னிப்புச் சீட்டு: கமர்ஷியல் படத்தில் போய் லாஜிக் கேட்கலாமா? இரண்டாவது பெயர் பார்வையாளன் தலையில் வைக்கும் குட்டு: தூக்கம் வந்ததா, உனக்கு ரசனை போதாது. இரண்டு பக்கமும் சோம்பேறித்தனத்துக்கு வசதியான ஏற்பாடு. 1954இல் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' எந்தப் பெட்டியில் அடங்கும்? பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. ஒரு கொலை, ஆளுக்கொரு விதமாய் அதைப் பற்றிய கதை. தயாரித்தது ஏவி.எம். சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர் பீட்சாவுக்கு ஏங்கும் 'காக்கா முட்டை' தேசிய விருதையும் வாங்கியது, 2015இல் திரையரங்கில் கூட்டத்தையும் சேர்த்தது. அதைப் பார்க்க வந்த குழந்தைகள் அவார்டுப் படம் என்று பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை.

சட்டம் வைத்த வகைகளும் உண்டு. முன்பெல்லாம் படம் தொடங்குமுன் திரையில் தணிக்கைச் சான்றிதழ் வந்ததும் கண்கள் ரீல் எண்ணிக்கையைத் தேடும். ஆயிரம் அடி ரீல் ஏறக்குறைய பதினோரு நிமிடம் ஓடும்; பதினாறு ரீல் என்றால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. சான்றிதழில் சிறு முக்கோணம் இருந்தால் எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் முணுமுணுப்பார்கள். எல்லாருக்கும் யு, பெரியவர்களுக்கு மட்டும் ஏ என்று, அந்த எழுத்துகள் யார் பார்க்கலாம் என்று சொல்லத்தான் வந்தன. தமிழ்நாட்டில் 2011இல் கேளிக்கை வரிவிலக்குக்கு யு சான்றிதழ் வேண்டும் என்று வந்ததும் அந்த எழுத்து பணமாகிவிட்டது. கழுத்தறுக்கும் கதைக்கும் யு கேட்டு நின்றார்கள். 2023 சட்டத் திருத்தம், பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய யு/ஏ பிரிவை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. இரவுக் காட்சிக்கு இடுப்பில் கைக்குழந்தையோடு வருகிற பெற்றோர் அதைப் படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

இவை போதாதென்று ஊர்ப் பெயர்களும் வகைகளாகிவிட்டன. 'மதுரைப் படம்' என்றால் கதை கேட்கவே வேண்டாம். அரிவாள், டாட்டா சுமோ, திருவிழா, பழிக்குப் பழி. அந்த ஊரில் இட்லிக்கடை வைத்திருப்பவர், வங்கியில் வேலை பார்ப்பவர், தேர்வுக்குப் படிக்கும் பெண் எல்லாரும் வெளியூர் போனால் முதலில் தங்கள் சாந்த குணத்தை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 'வட சென்னைப் படம்' என்றால் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் இவற்றில் ஒன்றும் ஒரு கஞ்சா வியாபாரியும் உறுதி. கோயம்புத்தூருக்கு இன்னும் ஒரு வகையும் ஒதுக்கவில்லை. "ஏனுங்க" என்று மரியாதையாகப் பேசும் நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.