எதைப் பேசுவது என்பதைத் தீர்மானிப்பது யார்?

வாக்காளர் யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் செய்தி ஊடகங்களே முடிவு செய்துவிடுகின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில், 1968ஆம் ஆண்டுத் தேர்தலின்போது இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் ஊடக ஆய்வாளர்களான மெக்கூம்ஸும் ஷாவும் நடத்திய ஆய்வு, ஊடகங்கள் அதிகம் பேசிய பிரச்சினைகளையே மக்களும் முக்கியமாகக் கருதினார்கள் என்பதைத்தான் காட்டியதே தவிர, யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை அன்று.

மொரீஷியஸில் வாழும் நாங்கள் 2024இல் கண்டதும் ஏறக்குறைய இதுவே. அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் முதலியோரின் தொலைபேசி உரையாடல்கள் எனச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவுகள் அக்டோபரில் சமூக ஊடகங்களில் வெளிவந்தபோது, தேர்தல் முடியும்வரை அத்தளங்களை முடக்குமாறு உத்தரவிடப்பட்டது. கண்டனம் எழவே, ஓரிரு நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. ஒலிப்பதிவைக் கேட்காதவர்களும் (என் தாயார் உட்பட) தடையைப் பற்றிப் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

நவம்பர் 10ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 62 இடங்களில் 60ஐ எதிர்க்கட்சிக் கூட்டணி வென்றது. அதை ஒலிப்பதிவுகளின் வெற்றி என்று எழுதுவோர், விலைவாசி உயர்வையும், ரொட்ரீக்ஸ் தீவு தவிர மற்ற ஒவ்வொரு தொகுதிக்கும் மூவரைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் முறை வாக்கு வித்தியாசத்தை இடங்களில் பன்மடங்காக்கிக் காட்டுவதையும் மறந்துவிடுகிறார்கள்.