ஸ்டீவன்ஸ் அழுததை நமக்குச் சொல்வது யார்?

உணர்ச்சியை அடக்கி எழுதுவது என்றால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிடுவது என்ற எண்ணம் இன்றைய சிறுகதைகள் பலவற்றில் தெரிகிறது. விட்டதை வாசகர் கண்டுபிடிக்கக் கதைக்குள் ஒரு தடயமாவது இருக்க வேண்டாமா?

கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' (1989) நாவலில் கதையைச் சொல்பவர், டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் தலைமைப் பணியாளராக இருந்த ஸ்டீவன்ஸ். 1923-இல் அங்கு நடக்கும் பன்னாட்டு மாநாட்டின் கடைசி இரவில், அதே மாளிகையில் வேலை பார்த்துவந்த அவருடைய தந்தை மாடியறையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, இவர் கீழே விருந்தினர்களுக்கு மது ஊற்றிக்கொண்டிருக்கிறார். தம் மனநிலையைப் பற்றி ஒரு சொல்கூட அவர் சொல்வதில்லை. ஆனால் பிரபு அவர் முகத்தைப் பார்த்து, அழுவதுபோல் இருக்கிறதே என்று கேட்டுவிடுகிறார். கடுமையான நாளின் களைப்பு என்று சிரித்துச் சமாளித்து, ஸ்டீவன்ஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். தன்மையில் சொல்லப்படும் கதையில், சொல்பவர் மறைப்பதைப் பக்கத்தில் இருப்பவரின் ஒற்றைக் கேள்வி வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது. இஷிகுரோவின் கைத்திறன் முழுவதும் எனக்கு இந்த ஓர் இடத்திலேயே தெரிகிறது. (நம் தொலைக்காட்சித் தொடர் என்றால் இதற்குள் மூன்று முறை இடி இடித்திருக்கும்.)

தந்தையின் கண்களை மூடிவிடும் பொறுப்பை, மாளிகையின் பெண் பணியாளர்களுக்குத் தலைவியான மிஸ் கென்டனிடம் விட்டுவிட்டு ஸ்டீவன்ஸ் விருந்துக்குத் திரும்புகிறார். மருத்துவர் வந்ததும், கால் வலியால் அவதிப்படும் பிரெஞ்சு விருந்தினரையும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறார். 1956-இல் அந்த இரவை நினைத்துப் பார்க்கும்போது, வெற்றி பெற்ற பெருமிதமே மேலோங்குவதாகச் சொல்கிறார். கல்நெஞ்சர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாதபடி அந்தக் கைக்குட்டை நம்மைத் தடுக்கிறது. தொழிலின் கண்ணியத்தையே வாழ்க்கையாக நம்பிவிட்ட மனிதர், தம் இழப்பையும் அந்தக் கணக்கிலேயே வரவு வைக்கிறார்.

முடிவுக்குச் சற்று முன்பு, தாம் சொல்லாமலே நேசித்த மிஸ் கென்டனைப் பல ஆண்டுகளுக்குப் பின் சந்தித்துப் பிரியும்போது, தம் இதயம் நொறுங்கிக்கொண்டிருந்ததாக ஸ்டீவன்ஸ் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். அதுவரை காத்த அடக்கத்தை இந்த வரி கெடுத்துவிட்டது என்று வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசகர் எப்போதோ அறிந்துவிட்ட செய்தி அது. தெரியாமல் இருந்தவர் ஸ்டீவன்ஸ் ஒருவர்தான். அதைச் சொன்ன சூட்டோடு, நீங்கள் சொல்வது சரிதான் என்று புன்னகையோடு அந்த அம்மையாரிடம் பேசத் தொடங்கிவிடுகிறார்.